புது ஹெட்ஃபோனை 200 மணி நேரம் ஓட விட்டா சவுண்ட் நிஜமாவே மாறுமா?

கொருக்குப்பேட்டை_லேத் · செவ்வாய் இரவு 11.20

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை வேலை முடிச்சு நேரா ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு ஹெட்ஃபோன் எடுத்தேன். காதை முழுசா மூடுற டைப், பின்பக்கமும் மூடினது, 40 மி.மீ. டிரைவர் (உள்ள இருக்கிற குட்டி ஸ்பீக்கர்), 32 ஓம். ஒயர்தான், போன்ல நேரா சொருகிக் கேக்குறேன். ஓவர்டைம் காசு சேத்து வச்சு வாங்கினது, அதனால மனசு அடிச்சுக்குது.

சனிக்கிழமை ராத்திரி கேட்டப்போ எல்லாம் மந்தமா இருந்துச்சு. ஞாயிறு காலைல அதே பாட்டு, அதே வால்யூம், ஆனா பாடுறவங்க 'ச' சொல்லும்போதெல்லாம் காதுல குத்துது. திங்கள் ராத்திரி மறுபடியும் மந்தம். பேஸ் மட்டும் எப்பவுமே ஒல்லி. கானா பாட்டுல டோலக்கோட இடது கை அடி இருக்கே, அது தட்டுற சத்தமா கேக்குதே தவிர கும்முனு வரல.

கடைக்காரருக்கு போன் போட்டேன். "இது பர்ன்-இன் ஆகிட்டு இருக்குது தம்பி, அதான் ஒரு நாள் ஒரு மாதிரி கேக்குது. பிங்க் நாய்ஸ்னு ஒரு இரைச்சல் ஃபைல் இருக்கு, அதை 200 மணி நேரம் ஓட விடு, பேஸ் தானா திறந்துக்கும்"னு சொல்றார். பில்லுல 7 நாள் ரீப்ளேஸ்மென்ட்னு போட்டிருக்கு. ஓட விடலாமா? இல்ல இது வேற ஏதாவது கோளாறா?


பெரம்பூர்_பிங்க்நாய்ஸ் · செவ்வாய் இரவு 11.52

ப்ரோ, கண்டிப்பா மாறும். டிரைவர்ல அதிர்ந்து சத்தம் தர்ற டயஃப்ரம்னு சொல்றது மெல்லிசான மைலார் ஃபிலிம். ஃபேக்டரில இருந்து வரும்போது விளிம்பு விறைப்பா இருக்கும், ஓட ஓட இளகும். என்னோட ஓப்பன் பேக் (பின்பக்கம் திறந்த ஹெட்ஃபோன்) வாங்கின புதுசுல ஹை எல்லாம் கடுகடுன்னு இருந்துச்சு. இப்ப ராத்திரி பூரா கேட்டாலும் காது வலிக்கிறதில்ல.

பிங்க் நாய்ஸ்தான் இதுக்குச் சரி. ஒவ்வொரு ஆக்டேவுலயும் (ஸ்தாயி) ஒரே அளவு எனர்ஜி இருக்கும். வொயிட் நாய்ஸ் போடாதீங்க, அதுல எனர்ஜி பூரா மேல்பக்கம் குவிஞ்சிடும். நீங்க வழக்கமா கேக்குற வால்யூமுக்கு ஒரு புள்ளி மேல வச்சு, தலைல மாட்டாம ஒரு ஓரமா விட்டுடுங்க. அதுக்கும் மேல ஏத்துனா டிரைவருக்குள்ள இருக்கிற காயில் (கம்பிச் சுருள்) போயிடும், ஜாக்கிரதை.


எண்ணூர்_எல்சிஆர் · புதன் காலை 6.35

முதல்ல கணக்கு. 200 மணி நேரத்தை நிறுத்தாம ஓட்டினாலும் 8 நாள் 8 மணி நேரம் ஆகும். உங்க ரீப்ளேஸ்மென்ட் 7 நாள். கடைக்காரர் தெரிஞ்சு சொன்னாரோ தெரியாம சொன்னாரோ, அந்த 200 மணி முடியும்போது நீங்க திருப்பித் தர முடியாது. அதனால எதைச் செய்யறதா இருந்தாலும் இந்த வாரத்துக்குள்ள செய்யுங்க.

ரெண்டாவது, அந்த ஃபிலிம் இளகுற கதை. மூடின ஹெட்ஃபோன்ல டிரைவருக்கும் காதுக்கும் நடுவுல அடைபட்டிருக்கிற காத்தை 100 கன சென்டிமீட்டர்னு வச்சுக்குவோம். 94 டெசிபல்னா காதுல 1 பாஸ்கல் அழுத்தம். காத்தோட விறைப்பு சுமார் 1,42,000 பாஸ்கல். இந்த அழுத்தத்தை உண்டாக்க டயஃப்ரம் தள்ள வேண்டிய காத்து வெறும் 0.7 கன மில்லிமீட்டர். 40 மி.மீ. டிரைவர்ல அசையுற பரப்பை ஏறக்குறைய 1,000 சதுர மில்லிமீட்டர்னு வச்சுக்குவோம். வகுத்துப் பாருங்க: அந்த ஃபிலிம் ஒரு மைக்ரான்கூட அசையல. தலைமுடியோட தடிமனே 70 மைக்ரான் சுமாருக்கு வரும். காத்து நல்லா அடைபட்டிருந்தா இதுதான் நிலைமை. இவ்வளவு கொஞ்சமா அசையுற பிளாஸ்டிக் ஃபிலிம் 200 மணி நேரத்துல குணம் மாறி, அதுவும் எப்பவும் நல்ல பக்கமாவே மாறும்னு சொல்றது எனக்கு ஒத்துவரல.

அந்த "நல்ல பக்கமாவே"ங்கிறதைக் கவனிங்க. பொருள் தேய்ஞ்சா சிலது நல்லாகும், சிலது கெடும். "100 மணி நேரம் ஓட்டினேன், சவுண்ட் கெட்டுப்போச்சு"ன்னு எழுதினவங்களை நான் பாத்ததே இல்ல. மாறுறது டிரைவர் இல்ல, கேக்குற மூளைதான்னு நான் உறுதியா நம்புறதுக்கு இது முக்கியமான காரணம்.


பெரம்பூர்_பிங்க்நாய்ஸ் · புதன் காலை 8.10

எல்சிஆர் சார், உங்க கணக்கு மூடின ஹெட்ஃபோனுக்கு சரி. ஓப்பன் பேக்ல காத்து அடைபடாது, அதே பேஸுக்கு டயஃப்ரம் இன்னும் நிறைய அசையணும். அளந்து பாத்தவங்களும் இருக்காங்க. இன்னர்ஃபிடெலிட்டிங்கிற ஹெட்ஃபோன் ரிவ்யூ சைட்ல டைல் ஹெர்ட்சன்ஸ்ங்கிறவர் ஏகேஜி க்யூ701ங்கிற ஓப்பன் பேக் ஹெட்ஃபோனை வச்சு மணிக்கணக்கா ஓட்டி ஓட்டி அளந்தார். மாற்றம் கிராஃப்ல தெரிஞ்சுது. சின்னதுதான், ஆனா பூஜ்யம் இல்ல. எல்லாமே மூளை பண்ற வேலைன்னு ஒரே வரியில முடிச்சுடக் கூடாது.


எண்ணூர்_எல்சிஆர் · புதன் காலை 8.31

அவர் நேர்மையான ஆள், அந்த வேலையை நான் மதிக்கிறேன். சின்னதுன்னு அவரே சொன்னதைத்தான் நானும் சொல்றேன். நம்ம லேத் தம்பி சொல்றது சின்ன மாற்றம் இல்லயே, பேஸே இல்லைங்கிறார். கிராஃப்ல ஒரு டெசிபலுக்குள்ள நடக்கிற சமாச்சாரம் டோலக் அடியைத் திருப்பிக் கொண்டாந்து தராது.


வண்ணை_சவுண்ட்சர்வீஸ் · புதன் மதியம் 2.15

தம்பிங்களா, நான் ஹெட்ஃபோன் ஆள் இல்ல, ஸ்பீக்கர் பாக்ஸ் ஆள். ஆடி மாசம் வந்தா வண்ணாரப்பேட்டைல எந்த அம்மன் கோயில் கூழ் ஊத்துறதுக்கும் எங்க செட்டுதான் போவும். காயில் எரிஞ்ச ஸ்பீக்கருக்கு கோன் (முன்னாடி ஆடுற கூம்பு) மாத்துறது கையோட செய்யுற வேலை. அதனால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

18 இஞ்ச் ஸ்பீக்கருக்கு கோன் மாத்துனா, அது ஓடி இளகுறது நிஜம். கையாலயே தெரியும். புது கோனை ரெண்டு உள்ளங்கையாலயும் சமமா அமுக்கினா மொரமொரன்னு எதுத்து நிக்கும். உள்ளுக்க ஸ்பைடர்னு மஞ்சக் கலர்ல மடிப்பு மடிப்பா ஒரு துணி இருக்கும். காட்டன் துணியை ரெசின்ல முக்கி சூட்டுல அழுத்தி எடுப்பாங்க. அந்த ரெசின்தான் முறுக்கா நிக்கும். நாங்க ஸ்பீக்கரை பாக்ஸுல போடாம பெஞ்சு மேல வச்சு, குறைஞ்ச ஃப்ரீக்வென்சில மெதுவா ஆட விடுவோம். கோன் முன்னும் பின்னும் போறது கண்ணுக்கே தெரியும். கொஞ்ச நேரத்துல அமுக்கிப் பாத்தா இளகிக்கும். முறுக்கு போறது பெரும்பாலும் அந்த ஆரம்பத்துலதான். அப்புறம் நாள் முழுக்க ஓட்டிகினே இருந்தாலும் கைக்குப் பெருசா வித்தியாசம் தெரியாது.

இன்னொண்ணு. கச்சேரி நடக்கும்போது விடிய விடிய சவுண்ட் இறங்கும். பசங்க ஸ்பீக்கர் களைச்சிடுச்சும்பாங்க. அது காயில் சூடு. காப்பர் கம்பி 100 டிகிரி கூடுதலா சூடானா ரெசிஸ்டன்ஸ் 40 சதவீதம் வரைக்கும் ஏறிடும், ஆம்ப்ல இருந்து எடுக்கிற பவர் குறையும். ஆறினா பழையபடி வந்துடும். அது வேற, இளகுறது வேற.

இப்ப நீங்க சொல்லுங்க, ஹெட்ஃபோனுக்குள்ள ஸ்பைடர் இருக்குதா? நான் பிரிச்சுப் பாத்த வரைக்கும் துணியே கிடையாது.


எண்ணூர்_எல்சிஆர் · புதன் மதியம் 3.02

அண்ணே, நீங்க கேட்ட கேள்வியிலயே விஷயம் இருக்கு. ஹெட்ஃபோன் டைனமிக் டிரைவர்ல ஸ்பைடர் கிடையாது. ஒரே ஃபிலிம், நடுவுல குமிழ், சுத்தி அலை அலையா அச்சு, அதுலயே காயில் ஒட்டியிருக்கும். இளகுறதுக்கு ரெசின் துணியே இல்ல. ஸ்பீக்கர்ல நடக்கிறதைப் பாத்துட்டு அதையே ஹெட்ஃபோனுக்கும் சொல்ல ஆரம்பிச்சதுதான் இந்த நம்பிக்கையோட வேர்னு நினைக்கிறேன்.

பாக்ஸ் விஷயத்துலயும் ஒண்ணு சேத்துக்குங்க. ஸ்பைடர் இளகினா விறைப்பு குறையும், அதனால ஸ்பீக்கரோட ரெசனன்ஸ் (அது தன்னால அதிர்ற ஃப்ரீக்வென்சி) கீழ இறங்கும். ஆனா பாக்ஸுல போட்டதும் பாக்ஸுக்குள்ள இருக்கிற காத்தும் விறைப்பைத் தருது. அதனால வெளிய வர்ற சத்தத்துல வித்தியாசம் ரொம்பக் கம்மி. கைக்குத் தெரியுற அளவு காதுக்குத் தெரியாது.


தேரடி_ஆடியோமெட்ரி · புதன் இரவு 9.40

திருவொற்றியூர்ல இருந்து எழுதறேன். காது பரிசோதனை அறையில வேலை. ஹெட்ஃபோனை மாட்டி விடறதுதான் என் தினசரி வேலைங்கிறதால சொல்ல நிறைய இருக்கு, பொறுமையா படிங்க.

எங்க அறையில டிடிஎச்-39னு ஒரு ஹெட்ஃபோன். டைனமிக் டிரைவர்தான். ஒவ்வொரு ஃப்ரீக்வென்சியிலயும் இத்தனை டெசிபல் வருதான்னு வருஷத்துக்கு ஒருதரம் காலிபரேஷன் பண்ணுவாங்க. அந்த நம்பரை நம்பித்தான் ஒருத்தருக்கு காது கேக்குதா இல்லையான்னு எழுதிக் கொடுக்கிறோம். ஓட ஓட டிரைவர் தன்னால பேஸ் திறக்கும், ஹை இறங்கும்னா நாங்க ஒரு வாரம்கூட அதை நம்ப முடியாது.

ஆனா மாட்டுற விதத்துல மாறும். எவ்வளவுன்னு நீங்க நினைச்சுப் பாத்திருக்க மாட்டீங்க. வர்றவங்களை நாங்க ஹெட்ஃபோனைத் தொடவே விடமாட்டோம், நாங்கதான் மாட்டுவோம். அதுக்கு முன்னாடி கண்ணாடியைக் கழட்டச் சொல்லுவோம், தோடு ஜிமிக்கியைக் கழட்டச் சொல்லுவோம், காதுமேல விழற முடியை ஒதுக்குவோம். டிரைவரோட நடு காது ஓட்டைக்கு நேரா இருக்கான்னு பாத்துட்டுத்தான் பேண்டை இறக்குவோம். சில வயசானவங்களுக்கு ஹெட்ஃபோன் அமுக்கியே காது ஓட்டையோட வாய் ஒட்டிக்கும். அப்போ இல்லாத ஹை-ஃப்ரீக்வென்சி குறைபாடு ரிப்போர்ட்டுல வந்துடும். டிரைவர்ல ஒரு மாற்றமும் இல்லாமலே இவ்வளவு நடக்குது.

காதை மூடுற ஹெட்ஃபோன்ல பேட் (காதைச் சுத்தி உக்கார்ற மெத்தை) ஓரத்துல ஒரு சின்ன இடுக்கு இருந்தாலே பேஸ் ஒழுகிடும். மிட்டும் ஹையும் அப்படியே நிக்கும். அப்போ ஆளுக்கு எப்படிக் கேக்கும்? ஒல்லியா, குத்துற மாதிரி. கொருக்குப்பேட்டை தம்பி எழுதினதைப் படிச்சதும் எனக்கு இதுதான் முதல்ல தோணுச்சு.

தம்பி, மூணு விஷயம் சொல்லுங்க. கண்ணாடி போடுவீங்களா? உங்க பேருல லேத்னு இருக்கு, வேலை எந்த மாதிரி சத்தத்துல? ராத்திரி கேக்குறது வேலை முடிஞ்ச கையோடயா?


கொருக்குப்பேட்டை_லேத் · புதன் இரவு 11.05

அக்கா, கண்ணாடி உண்டு, தடி ஃப்ரேம். லேத் ஒண்ணும் பெரிய சத்தம் இல்ல. பக்கத்துலயே ரெண்டு பேர் ஆங்கிள் கிரைண்டர் போட்டுட்டு இருப்பாங்க, அதுதான். ஷெட்டு சின்னது, தகரக் கூரை. ராத்திரி எட்டரைக்கு முடியும். ரயில்வே கேட்ல மாட்டினா கூட்ஸ் போற வரைக்கும் நிக்கணும், அங்கேயே ஹெட்ஃபோன் மாட்டிக்குவேன்.


தேரடி_ஆடியோமெட்ரி · வியாழன் காலை 7.15

உங்க "ஒரு நாள் ஒரு மாதிரி"க்குக் காரணம் கிடைச்சிடுச்சு தம்பி.

கிரைண்டர் சத்தம் 95 டெசிபல் சுமாருக்குச் சாதாரணமா போகும். நம்மூர் தொழிற்சாலை விதிப்படி 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் எல்லை. அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் நியோஷ் இன்னும் கடுமை: 85க்கு 8 மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 94க்குப் போனா ஒரே ஒரு மணி நேரம். நாள் முழுக்க அந்த தகர ஷெட்டுக்குள்ள இருந்துட்டு வெளிய வந்தா, காது தற்காலிகமா மந்தமாகியிருக்கும். முக்கியமா 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். அதுக்காக நீங்க வால்யூமை ஏத்துவீங்க. ராத்திரி தூங்கி எழுந்து, லீவு நாள் காலைல காது தெளிஞ்சிருக்கும்போது அதே வால்யூம்ல போட்டா 'ச' குத்தாம என்ன செய்யும்? ஹெட்ஃபோன் அதேதான். காதுதான் ராத்திரி ஒண்ணு, காலைல ஒண்ணு.

கடைசியா ஒண்ணு, இதை தயவுசெஞ்சு லேசா எடுத்துக்காதீங்க. தற்காலிக மந்தம் தினமும் வந்துட்டே இருந்தா ஒருநாள் திரும்பி வராது. ஷெட்டுல காதுக்கு பிளக்கோ மஃபோ கட்டாயம் போடுங்க. வேலை முடிஞ்ச கையோட ஹெட்ஃபோன் வேண்டாம், கேட்லயும் வேண்டாம். ரயில் சத்தத்துக்கு மேல கேக்கணும்னு நீங்க வைக்கிற வால்யூம் ரொம்ப அதிகம். உலக சுகாதார நிறுவனம் சொல்றது 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம்தான். உங்க காது அந்தக் கணக்கை ஷெட்டுலயே செலவழிச்சிடுது.

இப்ப ஹெட்ஃபோனை டெஸ்ட் பண்ற வழி. காலைல, தூங்கி எழுந்தப்புறம், கண்ணாடியைக் கழட்டிட்டு மாட்டுங்க. பேஸ் வருதான்னு கேளுங்க. அப்புறம் ரெண்டு கப்பையும் உள்ளங்கையால லேசா, சமமா அமுக்குங்க. அமுக்கும்போது பேஸ் எழும்பினா ஒழுகல்தான் பிரச்சினை.


காசிமேடு_இயர்பட் · வியாழன் காலை 9.20

நடுவுல ஒரு கேள்வி. நான் கேக்குறது ஒயரில்லாத இயர்பட். அதுக்கும் இந்த பர்ன்-இன் உண்டா?


எண்ணூர்_எல்சிஆர் · வியாழன் காலை 9.48

அதுல இன்னும் கம்மி. நாய்ஸ் கேன்சலிங் இருக்கிற பல பட்ஸ்ல உள்பக்கமே ஒரு மைக் காதுக்குள்ள வர்ற சத்தத்தைக் கேட்டுத் திருத்திக்கிட்டே இருக்கும். டிரைவர் கொஞ்சம் மாறினாலும் அது ஓரளவு சரிபண்ணிடும். உங்களுக்கு சவுண்ட் மாறின மாதிரி இருந்தா முதல்ல ஃபர்ம்வேர் அப்டேட் ஆச்சான்னு பாருங்க. அப்புறம் ரப்பர் டிப் சைஸ். அதுக்கப்புறம் வலையில காது அழுக்கு அடைச்சிருக்கான்னு பாருங்க. ஒரு பக்கம் மட்டும் சத்தம் கம்மியானா பெரும்பாலும் அந்த அழுக்குதான்.

பேலன்ஸ்டு ஆர்மேச்சர் இயர்ஃபோன்ல இந்தப் பேச்சுக்கே இடமில்ல. அதுல அசையுறது உலோகத் தகடு, துணியோ ஃபோமோ கிடையாது.


தண்டையார்பேட்டை_ரெண்டுசெட் · வியாழன் இரவு 10.30

இந்த இழையைப் படிச்சுட்டு எழுதாம இருக்க முடியல, ஏன்னா நாங்க இதை உக்காந்து பண்ணியிருக்கோம்.

என்கிட்ட ஒரு மூடின ஹெட்ஃபோன், நல்லா ஓடினது. என் மச்சான் அதே மாடல் புதுசா வாங்கினான். டி.எச். ரோட்டு லாரி சத்தம் கேக்காத உள் ரூம்ல, ஃபேனை நிறுத்திட்டு நாலு பேர் மாத்தி மாத்திக் கேட்டோம். கண்ணைத் திறந்து கேட்டப்போ எல்லாரும் ஒரே பேச்சு: பழசு இதமா இருக்கு, பேஸ் ஆழமா இருக்கு, புதுசு வெறப்பா இருக்கு. பர்ன்-இன் நிரூபணம் ஆயிடுச்சுன்னு மச்சான் குதிச்சான்.

அப்புறம் ஒரு வேலை பண்ணினோம், பேடை மாத்திப் போட்டோம். அந்த மாடல்ல பேட் கழட்டறது சுலபம், விளிம்பைப் பிடிச்சு மெதுவா உருட்டிக்கிட்டே வந்தா பள்ளத்துல இருந்து கழண்டுடும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தப்போ நானே அசந்துட்டேன். புது பேட் உப்பி நிக்குது. பழசு பாதிக்குக் கொஞ்சம் மேலதான் உயரம். பின்பக்க விளிம்புல என் கண்ணாடிக் கொம்பு உக்காந்து உக்காந்து ஒரு பள்ளம். தாடை எலும்பு படற இடத்துல லெதர் வளைஞ்சு என் முகத்துக்கே அச்சு எடுத்த மாதிரி இருந்துச்சு.

பழைய பேடை புது ஹெட்ஃபோன்ல போட்டு, கண்ணைக் கட்டி, வேற ஒருத்தர் மாட்டி விட்டாங்க. "இதான் பழசு"ன்னு சொன்னாங்க. புது பேடோட என் பழைய ஹெட்ஃபோனை மாட்டினா "இது புதுசு". அந்த இதமும் ஆழமும் பேடோடயே போச்சு, டிரைவரோட போகல.

காரணம் யோசிச்சா புரியுது. ஃபோம் அமுங்கினதும் காது டிரைவருக்குக் கிட்ட போகுது, பேட் முகத்தோட ஒட்டிக்குது, இடுக்கு அடைபடுது, பேஸ் நிக்குது. மாசக்கணக்கா தலையில மாட்டுறப்போ உடம்புச் சூடும் வேர்வையும் நம்மூர் புழுக்கமும் சேர்ந்து ஃபோமைப் பதப்படுத்துது. என் அனுபவத்துல பர்ன்-இன்னு பேர் வாங்குறது இதுதான். ஆனா பிங்க் நாய்ஸ் போட்டு ஓரமா வச்சா இது நடக்காது, தலையில மாட்டினாத்தான் நடக்கும்.


பெரம்பூர்_பிங்க்நாய்ஸ் · வியாழன் இரவு 11.15

நல்ல சோதனை, மறுக்கல. ஆனா ஒரு ஓட்டை இருக்கு. பழைய பேட் மெத்துனு இருக்கும், கன்னத்துல பட்டதுமே தெரிஞ்சிடும். கண்ணைக் கட்டினாலும் தோல் சொல்லிடுது. காதால கேட்டுச் சொன்னாங்களா, தொட்டுச் சொன்னாங்களான்னு எப்படிப் பிரிப்பீங்க?


தண்டையார்பேட்டை_ரெண்டுசெட் · வெள்ளி காலை 6.50

சரியான கேள்வி. அதுக்குத்தான் அடுத்த சுத்து வச்சோம். ஒரே ஜோடி பேட், என் பழசு. அதையே ரெண்டு ஹெட்ஃபோனுக்கும் மாத்தி மாத்திப் போட்டோம். தோலுக்கு ஒரே உணர்ச்சி, மாறுறது டிரைவர் மட்டும். எதை மாட்டுறதுன்னு காசைச் சுண்டி முடிவு பண்ணினோம். ஒரு சுத்துக்கு ரெண்டு நிமிஷம் பேட் மாத்தவே போயிடும், அதனால சாயங்காலம் வரைக்கும் இழுத்துச்சு. பதில் எல்லாம் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. இது ஊகிச்சாலே வர்ற மார்க்கு. பொதுவா 16 தடவைக்கு 12 சரியா சொன்னாத்தான் நிஜமா வித்தியாசம் கேக்குதுன்னு எடுத்துக்கலாம். சும்மா ஊகிச்சு அந்த அளவு வர்றதுக்கு நூத்துல நாலு வாய்ப்புகூட கிடையாது. நாங்க யாரும் அதுக்குப் பக்கத்துலகூட போகல.


எண்ணூர்_எல்சிஆர் · வெள்ளி காலை 7.30

ரெண்டு நிமிஷ இடைவெளி உங்க சோதனையோட பலவீனம், அதையும் சொல்லியாகணும். சவுண்டோட நுணுக்கம் ஞாபகத்துல நிக்கிறது சில விநாடிதான். சின்ன வித்தியாசம் இருந்தாலும் அந்த ரெண்டு நிமிஷத்துல கரைஞ்சிடும். ஆனா அதே நியாயம் பர்ன்-இன் பக்கமும் பொருந்தும் இல்லையா? ரெண்டு நிமிஷமே தாங்காத ஞாபகத்தை வச்சுக்கிட்டு போன மாசம் கேட்டதையும் இன்னைக்குக் கேக்குறதையும் எப்படி ஒப்பிடுறது?

அதனாலதான் நான் மைக் வச்சு அளக்கிறேன். ஒரு தட்டையான பலகையில ஓட்டை போட்டு மைக்கைப் பதிச்சு, ஹெட்ஃபோனை அதுமேல வச்சு, ஆர்இடபிள்யூங்கிற சவுண்ட் அளக்கிற சாஃப்ட்வேர்ல 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 வரைக்கும் ஸ்வீப் (கீழ இருந்து மேல ஏறிக்கிட்டே போற ஒரு டோன்). அதே ஹெட்ஃபோனை எடுத்துட்டு மறுபடி வச்சாலே கோடு நகருது, பேஸ்லயும் நகருது, 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல இன்னும் அதிகம். புதுசுக்கும் ஓடினதுக்கும் நடுவுல நான் பாத்த வித்தியாசம் எல்லாம் இந்த எடுத்து-வைக்கிற வித்தியாசத்துக்குள்ளயே அடங்கிடுச்சு.

பிங்க்நாய்ஸ் தம்பிக்கு ஒண்ணு. கண்ணால பாத்துக் கேட்டா தீர்ப்பு மாறும்ங்கிறதை 1994லயே ஃப்ளாய்ட் டூல், ஷான் ஓலிவ்னு ரெண்டு ஆடியோ ஆராய்ச்சியாளருங்க ஸ்பீக்கர் வச்சுக் காட்டினாங்க. கேட்டவங்க ஹார்மன்ங்கிற ஆடியோ கம்பெனி ஊழியருங்க. இந்தத் தொழில்லயே இருக்கிறவங்களுக்கே அப்படி நடக்குதுன்னா நம்ம காதுல குறை எதுவும் இல்ல, மனுஷக் காது அப்படித்தான்.


பெரம்பூர்_பிங்க்நாய்ஸ் · வெள்ளி காலை 8.05

பேட் பெரிய பங்கு வகிக்குதுங்கிறதுல எனக்கு மறுப்பில்ல சார். ஓப்பன் பேக் பெரிய டிரைவர்ல அளக்கிற அளவுக்கு ஒரு மாற்றம் இருக்குதுங்கிற நிலையில நான் நிக்கிறேன். அது கேக்குற அளவா இல்லையாங்கிறதுலதான் நம்ம ரெண்டு பேருக்கும் பேதம். ரீப்ளேஸ்மென்ட் நாள் முடியறதுக்குள்ள லேத் ப்ரோ முடிவு எடுக்கணும்ங்கிறதுல நான் உங்க பக்கம்.


கொருக்குப்பேட்டை_லேத் · வெள்ளி இரவு 9.50

தேரடி அக்கா சொன்ன மாதிரி இன்னைக்கு விடியக்காலைல, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணினேன். வால்யூம் குறைச்சு வச்சேன். 'ச' குத்தல, ஹை எல்லாம் நல்லாவே இருக்கு. கண்ணாடி கழட்டினதும் வலது பக்கம் பேஸ் வந்துடுச்சு, டோலக் கும்முனு நிக்குது. ஆனா இடது பக்கம் வரவே இல்ல. அமுக்கினாலும் வரல. மோனோ ஃபைல் (ரெண்டு பக்கமும் ஒரே சத்தம் வர்றது) போட்டுக் கேட்டா குரலே நடுவுல நிக்காம வலப்பக்கம் சாயுது.


தேரடி_ஆடியோமெட்ரி · வெள்ளி இரவு 10.10

இப்ப ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டுங்க. 'இடது'ன்னு போட்ட கப்பை வலது காதுல வைங்க. பேஸ் இல்லாத பக்கம் கப்போடயே வலது காதுக்கு வந்துட்டா கோளாறு காதுல இல்ல. இடது காதுலயே நின்னா கடைக்குப் போக வேண்டாம், காது டாக்டர்கிட்ட போங்க. போன் செட்டிங்ஸ்ல பேலன்ஸ் நடுவுல இருக்கான்னும் பாத்துடுங்க, வேற போன்லயும் ஒருதரம் போட்டுப் பாருங்க.


கொருக்குப்பேட்டை_லேத் · வெள்ளி இரவு 10.32

கப்போடயே வந்துடுச்சு அக்கா. பேலன்ஸ் நடுவுலதான் இருக்கு. தம்பி போன்லயும் அதேதான்.


எண்ணூர்_எல்சிஆர் · வெள்ளி இரவு 10.40

அப்ப இடது டிரைவரோ, அதைச் சுத்தி இருக்கிற சீலோ ஃபேக்டரில இருந்தே சரியில்ல. எத்தனை நூறு மணி நேரம் ஓட்டினாலும் இது சரியாகாது. நாளைக்குக் கடைசி நாள், விடாதீங்க. கடையில பர்ன்-இன் பத்தி வாக்குவாதமே வேண்டாம். மோனோ ஃபைலைப் போட்டு கடைக்காரர் தலையிலயே மாட்டி விடுங்க, அப்புறம் திருப்பி மாட்டி விடுங்க. ரெண்டே நிமிஷ வேலை.

புதுசு தரும்போது அங்கேயே பிரிச்சு இதையே செக் பண்ணுங்க. அதோட 20 ஹெர்ட்ஸ்ல இருந்து மேல ஏர்ற ஸ்வீப் ஒண்ணு, குறைஞ்ச வால்யூம்ல. எங்கயாவது கரகரன்னா டயஃப்ரம்ல முடியோ தூசியோ ஒட்டியிருக்கு.


வண்ணை_சவுண்ட்சர்வீஸ் · வெள்ளி இரவு 11.05

நாங்க புது பாக்ஸ் எடுத்தாலும் கடையில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஓட்டிப் பாக்காம வண்டியில ஏத்த மாட்டோம் தம்பி. காசு கொடுத்தது நீ. தைரியமா கேளு.


கொருக்குப்பேட்டை_லேத் · சனி இரவு 9.15

மாத்திக் கொடுத்துட்டாங்க. முதல்ல 200 மணி நேரம்னுதான் ஆரம்பிச்சார். திருப்பி மாட்டிக் காட்டினதும் அவரே "லெஃப்ட் அடிபட்டிருக்கு"ன்னு சொல்லி வேற பெட்டி எடுத்தார். புதுசுல ரெண்டு பக்கமும் சமம், ஸ்வீப்லயும் கரகரப்பு இல்ல. இன்னும் காதுல வச்சு ஒரு பாட்டுகூட முழுசா கேக்கல. ஷெட்டுக்கு இயர் மஃபும் வாங்கிட்டேன் அக்கா, கிரைண்டர் போடற ரெண்டு பேருக்கும் சேத்து.

இந்தக் கண்ணாடிக்கு என்ன பண்றது? கழட்டிட்டே கேக்கணுமா?


தண்டையார்பேட்டை_ரெண்டுசெட் · சனி இரவு 9.40

கொம்பு மெல்லிசா இருக்கிற கம்பி ஃப்ரேமுக்கு மாறினா பாதிப் பிரச்சினை தீரும். இல்லாட்டி கொம்பைக் கொஞ்சம் தூக்கி, பேடுக்கு மேல போற மாதிரி வச்சுக்குங்க. வெல்வெட் துணி பேட் வாங்காதீங்க, வேர்வைக்கு இதமா இருக்கும், ஆனா பேஸ் குறையும். லெதர் பேடை கேட்டு முடிச்சதும் காஞ்ச துணியால துடைச்சு வைங்க. கடல்காத்துப் புழுக்கத்துல அந்த ரெக்சின் சீக்கிரம் உரிஞ்சுடும். பேண்ட் தலையை இறுக்குச்சுன்னா ஹெட்ஃபோன் பெட்டியையே ரெண்டு கப்புக்கும் நடுவுல வச்சு ஒரு ராத்திரி விடுங்க, ரொம்ப விரிச்சுடாதீங்க. இறுக்கம் குறைஞ்சா இடுக்கும் விழும்.


எண்ணூர்_எல்சிஆர் · சனி இரவு 10.05

லேத் தம்பி, ஒரு வேண்டுகோள். இன்னும் ஓட்டலன்னு சொன்னீங்களே, அப்படியே வைங்க. நாளைக்கு மெட்ரோல விம்கோ நகர் வந்துடுங்க, ஸ்டேஷன்ல இருந்து நான் கூட்டிட்டுப் போறேன். புதுசா இருக்கும்போதே பேடோட ஒருதரம், ஒவ்வொரு தடவையும் எடுத்து வச்சு எடுத்து வச்சு, அளந்து வச்சுக்குவோம். பிங்க்நாய்ஸ் தம்பியும் வரணும், எந்த நாய்ஸ், எத்தனை மணி நேரம்னு அவரே முடிவு பண்ணட்டும். ஓட்டி முடிச்சதும் அதே பேட், அதே பலகை, அதே மைக். ரெண்டு கோட்டையும் இங்கேயே போடறேன்.


பெரம்பூர்_பிங்க்நாய்ஸ் · சனி இரவு 10.12

வரேன் சார். என் ஓப்பன் பேக்கையும் எடுத்துட்டு வரேன். அதே மாடல் புதுசு ஒண்ணு நண்பர்கிட்ட பிரிக்காம இருக்கு, கேட்டுப் பாக்குறேன்.